எதை வைச்சுச் சொல்லுறாய்?

கேள்வி:

மதிப்புக்குரிய ரீச்சருக்கு,

நாங்கள் ஸ்காபரோவில் இருக்கிறோம். மகனுக்குப் பதினொரு வயதாக இருக்கும்போது வவுனியாவிலிருந்து வந்தோம். இப்போது 10ஆம் தரம். வந்து இரண்டு வருடத்திலேயே ஆங்கிலம் அவனுக்குத் தண்ணி பட்ட பாடு. வங்கிக்குப் போனாலும் டொக்டரிடம் போனாலும் எங்களுக்காகக் கதைப்பது அவன்தான். கணக்கில் எப்போதும் 80க்கு மேல்.

இலையுதிர் காலத்தில் பாடசாலையில் எழுத்தறிவுத் தேர்வு வைத்தார்கள். 285 எடுத்திருக்கிறான், 300 வேண்டும், சித்தியில்லை என்று அறிக்கை வந்திருக்கிறது. 400க்கு 285 என்றால் 71 வீதம் வருகிறது. 71 எடுத்த பிள்ளை எப்படி பெயில்? இதனால் டிப்ளோமா கிடைக்காமல் போகுமா? பல்கலைக்கழகம் இதைப் பார்க்குமா?

தெரிந்தவர் ஒருவர் ஒரு ரியூசன் நிலையத்தைச் சொன்னார். எட்டு வகுப்புக்கு 600 டொலர். அண்ணி வேறுவிதமாகச் சொல்கிறா. வீட்டில் தமிழ் கதைப்பதால்தான் பிள்ளையின் ஆங்கிலம் கெடுகிறதாம், அதை முதலில் நிறுத்தட்டுமாம். சனிக்கிழமைகளில் அவன் மாமாவின் மரக்கறிக் கடையில் நின்று உதவி செய்கிறான். அதையும் மறித்துவிடவா? எனக்கு ஆங்கிலம் பெரிதாக வராது. நான் அவனுக்கு என்னதான் செய்யலாம்? அவன் பயிற்சிக்காக எழுதிய ஒரு பந்தியையும் இத்துடன் அனுப்புகிறேன்.

ஒரு தாய், ஸ்காபரோ

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்த 71 வீதத்தை அழித்துவிடுவோம். உங்களைப் போலவே கணக்குப் போட்டுக்கொண்டு வந்த பெற்றோர் எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன். இந்த அளவுகோல் பூச்சியத்தில் தொடங்குவதில்லை. 200இல் தொடங்கி 400இல் முடிகிறது, 300இல் கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு முறை வரும் தேர்வு மறுமுறை வருவதைவிடக் கொஞ்சம் கடினமாக இருக்கலாம், அந்த ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தத்தான் இப்படியோர் அளவுகோல். ஆகவே 285ஐ வைத்து அவன் எத்தனை வினாவுக்குச் சரியாக விடை சொன்னான் என்று நீங்களும் நானும் கண்டுபிடிக்க முடியாது. கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறான் என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, வாசிப்புக்கு ஒரு சித்தி, எழுத்துக்கு ஒரு சித்தி என்று பிரித்துப் பார்ப்பதில்லை. இரண்டும் சேர்ந்துதான் அந்த எண். வாசிப்பில் ஏறினால் எழுத்தின் பள்ளம் கொஞ்சம் நிரம்பும்.

டிப்ளோமாவைப் பற்றிய பயம் நியாயமானது, ஆனால் அளவுக்கு மிஞ்சியது. 2000-01 கல்வியாண்டில் 9ஆம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகளிலிருந்து ஒன்ராறியோவில் இந்த எழுத்தறிவு நிபந்தனை நடைமுறையில் இருக்கிறது. இது ஈகியூஏஓ என்ற மாகாண அமைப்பு நடத்தும் தேர்வு, வகுப்பு ஆசிரியர் வைப்பதல்ல. 30 கிரெடிட், 40 மணிநேரச் சமூக சேவை ஆகியவற்றோடு இதுவும் இருந்தால்தான் டிப்ளோமா. ஆனால் இதற்காக வருடம் போகாது, உங்கள் மகன் 11ஆம் தரத்துக்குப் போவான். தேர்வை மறுபடி எழுதலாம், இலையுதிரிலும் வசந்தத்திலும் வாய்ப்பு வருகிறது. அப்படியும் சரிவராவிட்டால் அதே நிபந்தனையை நிறைவேற்ற எழுத்தறிவுப் பாடநெறி ஒன்று உயர்தரப் பாடசாலையிலேயே இருக்கிறது. படித்து முடித்தால் கிரெடிட்டும் கிடைக்கும். எப்போது சேரலாம் என்பதை வழிகாட்டல் ஆசிரியரிடம் கேளுங்கள். பல்கலைக்கழகத்துக்குப் போகும் பெறுபேற்று ஏட்டில் இந்த 285 இருக்காது. நிபந்தனை நிறைவேறியது என்ற குறிப்பு மட்டும் ஒருநாள் அதில் ஏறும்.

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். வங்கியில் உங்களுக்காக வழக்காடக்கூடிய பிள்ளை ஏன் இங்கே தடக்கினான்?

இதற்கான விடை நாங்கள் வாழும் இந்த நகரத்திலேயே ஆராயப்பட்டது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் ஜிம் கமின்ஸ் என்றொரு பேராசிரியர். குடியேறிய பிள்ளைகளின் மொழியை இரண்டாகப் பிரித்துப் பார்க்கவேண்டும் என்று 1979இல் எழுதினார். விளையாட்டு மைதானத்திலும் கடையிலும் கதைக்கிற மொழி ஒன்று. பாடப்புத்தகத்தில் இருக்கிற, எதிரே ஆள் இல்லாமல் எழுத்தை மட்டும் வைத்துப் பொருள் எடுக்கவேண்டிய மொழி இன்னொன்று. முதலாவது ஏறக்குறைய இரண்டு வருடத்தில் வந்துவிடும். இரண்டாவதில் இங்கே பிறந்த பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் வரை எடுக்கும் என்பதை, ரொறன்ரோ கல்விச் சபையின் தரவுகளை வைத்தே 1981இல் காட்டினார். உங்கள் மகன் வந்து நாலு வருடம். தங்கச்சி, இப்போது கணக்குப் போடுங்கள். அவன் பின்தங்கிவிட்டான் என்று நான் சொல்லமாட்டேன். நேரத்துக்கு வந்துகொண்டிருக்கிறான். தேர்வுதான் கொஞ்சம் முந்திவிட்டது.

ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை என்று பாடசாலை அவனை இன்னும் பதிந்து வைத்திருக்கிறதா என்று விசாரியுங்கள். அப்படியானால் கூடுதல் நேரம், அமைதியான வேறு அறை போன்ற ஏற்பாடுகள் உண்டு. மொழித்திறன் இன்னும் போதாத பிள்ளைகளுக்குத் தேர்வை ஒத்திவைக்கவும் வழி உண்டு. நன்றாகக் கதைக்கிற பிள்ளைகளை ஆசிரியர்களே இந்தப் பட்டியலிலிருந்து வேளைக்கு எடுத்துவிடுவதுண்டு. நானும் அந்தப் பிழையைச் செய்திருக்கிறேன். பேச்சைக் கேட்டு ஏமாந்துபோனேன்.

இந்தத் தேர்வு எதைக் கேட்கிறது? எங்கள் ஆட்கள் பலரும் இதை ஆங்கில இலக்கணப் பரீட்சை என்று நினைக்கிறார்கள். அப்படியல்ல. கணினியில் இரண்டு அமர்வுகள், ஒவ்வொன்றும் ஒரு மணிநேரத்தை மனதில் வைத்து அமைத்தவை. தகவல் கட்டுரை, செய்தி, உரையாடல், யாரோ ஒருவரின் அனுபவம் என்று சிறுசிறு வாசிப்புப் பகுதிகள் வரும். வினாக்கள் மூன்று வகை. வெளிப்படையாகச் சொல்லியிருப்பதைக் கண்டுபிடிப்பது ஒன்று. சொல்லாமல் சொல்லியிருப்பதை ஊகிப்பது இன்னொன்று. வாசித்ததைத் தன் அறிவோடும் அனுபவத்தோடும் இணைப்பது மூன்றாவது. முதல் வகையில் எங்கள் பிள்ளைகள் தோற்பதில்லை. மற்ற இரண்டில்தான் வழுக்குகிறார்கள்.

ஒரு சின்ன உதாரணம். நானே இட்டுக்கட்டியது, தமிழிலேயே தருகிறேன்:

“கண்ணாடிக்கு முன்னால் நின்று கொலரை மூன்றாவது தடவையாகச் சரிசெய்தாள். பஸ் வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது. ஆனாலும் தரிப்பிடத்துக்கு வந்துவிட்டாள். ‘சாப்பிட்டியா?’ என்று அம்மா அனுப்பிய செய்திக்கு அவள் பதில் போடவில்லை. பெயர் எழுதிய புது அட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தாள், திரும்ப வைத்தாள்.”

வினா: அவளுடைய மனநிலை என்ன? பகுதியிலுள்ள விவரங்களைக் கொண்டு விளக்குக.

முதல் பிள்ளை எழுதுகிறது: “அவள் பதற்றமாக இருக்கிறாள், ஏனென்றால் இன்று அவளுக்கு வேலையில் முதல் நாள்.” சரியான விடைதான், ஆனால் அரைவாசி. எங்கேயிருந்து எடுத்தாய் என்று அது சொல்லவில்லை. இரண்டாவது பிள்ளை எழுதுகிறது: “அவள் பதற்றமாக இருக்கிறாள். கொலரை மூன்று தடவை திருத்துகிறாள், இருபது நிமிடத்துக்கு முன்னரே தரிப்பிடத்துக்கு வருகிறாள். அம்மாவுக்குப் பதில் போடாததால் அவள் சாப்பிடவில்லை என்று நினைக்கிறேன். புது அட்டையை எடுத்துப் பார்ப்பதால் இது ஒரு புதிய வேலையின் முதல் நாளாக இருக்கலாம்.” இதற்கு முழுப்புள்ளி கொடுக்கலாம். ஆங்கிலம் கொஞ்சம் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை.

மூன்றாவது பிள்ளை ஒன்று இருக்கிறது. அதுதான் எங்கள் வீட்டுப் பிள்ளை. “பதற்றம் மனிதனுக்கு நல்லதல்ல. நாம் எப்போதும் தன்னம்பிக்கையோடு இருக்கவேண்டும். தன்னம்பிக்கை இருந்தால் வாழ்க்கையில் முன்னேறலாம்.” எழுத்துப்பிழை ஒன்றுகூட இருக்காது. புள்ளியும் இருக்காது. கேட்டது அந்தப் பெண்ணைப் பற்றி, எழுதியது உபதேசம்.

இதற்காகப் பிள்ளையை மட்டும் குறைசொல்ல எனக்கு மனம் வராது. எங்களை இப்படித்தானே பழக்கினார்கள். நான் சாதாரண தரப் பரீட்சைக்கு ஆங்கிலத்தில் ‘நான் ஒரு விமானியானால்’ என்ற கட்டுரையைப் பாடமாக்கி வைத்திருந்தேன். பரீட்சையில் வந்ததோ ‘ஒரு மழைநாள்’. என்ன செய்ய? விமானத்தை மழைக்குள் இறக்கினேன், மூன்று பந்தி நிரம்பியது, சித்தியும் எய்தினேன். அந்தக் கெட்டித்தனம் இங்கே செல்லாது. தலைப்புக்கு வெளியே போன கட்டுரை இங்கே எவ்வளவு அழகாக இருந்தாலும் புள்ளிக் கணக்கில் சேராது.

இப்போது நீங்கள் அனுப்பிய பந்திக்கு வருகிறேன். தலைப்பு, உயர்தரப் பாடசாலை மாணவர் பகுதிநேர வேலை செய்யலாமா என்பது. மகன் ஆங்கிலத்தில் எழுதியதன் சாரம் இவ்வளவுதான்: பகுதிநேர வேலை மிகவும் நல்லது. அதில் பல நன்மைகள் உண்டு. பணம் கிடைக்கும். பொறுப்பு வரும். ஆனால் தீமைகளும் உண்டு. படிப்புக் கெடலாம். ஆகவே எதிலும் அளவு வேண்டும்.

ஏழு வசனம். ஒன்றிலும் ஒரு மனிதர் இல்லை, ஓர் இடம் இல்லை, நடந்த ஒரு சம்பவம் இல்லை. கடைசியில் பார்த்தால் ஒரு கருத்தும் இல்லை. ஆமா, இல்லையா என்று கேட்ட இடத்தில் இரண்டு பக்கமும் தலையாட்டியிருக்கிறான். வீட்டுக்கு வந்த பெரியவர்களோடு அப்படிக் கதைப்பது மரியாதை. இந்தக் கட்டுரையில் ஒரு பக்கம் நிற்கவேண்டும். எந்தப் பக்கம் என்று திருத்துகிறவர் கவலைப்படுவதில்லை, நின்றானா, காரணம் காட்டினானா என்றுதான் பார்ப்பார். நீண்ட எழுத்துக்கு இரண்டு விதமாகப் புள்ளி போடுகிறார்கள். கருத்தை எப்படி வளர்த்திருக்கிறான் என்பதற்கு ஒன்று, எழுத்துக்கூட்டல், நிறுத்தக்குறி, இலக்கணத்துக்கு இன்னொன்று. எங்கள் பெற்றோர் இரண்டாவதைத் திருத்தவே காசு கட்டுகிறார்கள். உங்கள் மகனுக்கு ஓட்டை முதலாவதில்.

இந்தப் பந்தியை வாசித்துவிட்டு உங்கள் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். சனிக்கிழமைகளில் மரக்கறிக் கடையில் நிற்கிற பிள்ளை! பகுதிநேர வேலையைப் பற்றி அவனுடைய வகுப்பில் அவனைவிட அதிகமாக யாருக்குத் தெரியும்? ஆனால் அவனுடைய பந்தியில் அந்தக் கடை இல்லை. முருங்கைக்காய் இல்லை, தராசு இல்லை, மிச்சக்காசு பிழைத்துவிட்டது என்று சத்தம்போட்ட வாடிக்கையாளர் இல்லை. வீட்டுக் கதை பரீட்சைக்கு உதவாது என்று அவனுக்கு யாரோ சொல்லியிருக்கவேண்டும், அல்லது யாரும் சொல்லாமலே விளங்கியிருக்கவேண்டும். பிழையான விளக்கம் அது. “கடந்த சனிக்கிழமை ஒரு பாட்டி, நான் தனக்கு இரண்டு டொலர் குறைவாகத் தந்துவிட்டதாகச் சொன்னார். ரசீதை அவரோடு சேர்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பிழை என்னுடையதுதான். அன்றிலிருந்து மிச்சத்தை வாய்விட்டு எண்ணிக் கொடுக்கிறேன்.” இப்படி நாலு வசனம் எழுதினால் ‘பொறுப்பு வரும்’ என்ற வெறும் வசனத்துக்கு உயிர் வந்துவிடும். கடையை மறிக்கவேண்டாம். தேர்வுக்கு முந்திய இரண்டு சனிக்கிழமை வேண்டுமானால் லீவு கேளுங்கள்.

உங்களால் என்ன செய்யமுடியும் என்று கேட்டீர்கள். இந்தத் தேர்வுக்குத் தேவையான மிக முக்கியமான வேலையை வீட்டில் நீங்கள்தான் செய்யவேண்டும், அதற்கு ஆங்கிலமே வேண்டாம். ஒரு கேள்வியைப் பழக்கப்படுத்துங்கள்: “எதை வைச்சுச் சொல்லுறாய்?”

சாப்பாட்டு மேசையில் தொடங்குங்கள். “இந்த முறை ஹொக்கியில் லீஃப்ஸ் வெல்லாது” என்கிறானா? எதை வைச்சுச் சொல்லுறாய்? “அந்த ரீச்சருக்கு என்னைப் பிடிக்காது.” எதை வைச்சு? அவர் என்ன சொன்னார், எப்படிச் சொன்னார், வேறு விதமாக எடுக்க இடமிருக்கிறதா? தமிழ்ப் பத்திரிகைச் செய்தி ஒன்றை அவனை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் வாசியுங்கள். எழுதியவர் யார் பக்கம் நிற்கிறார் என்று கேளுங்கள். எந்தச் சொல்லில் அது தெரிகிறது என்று கேளுங்கள். விரலை வைத்துக் காட்டும்வரை விடாதீர்கள். பதினைந்து நிமிடம் போதும். அதட்டிக் கேட்காதீர்கள், விசாரணை நடக்கிறது என்று பிள்ளை வாயை மூடிவிடும். அவனும் உங்களைத் திருப்பிக் கேட்கட்டும். அண்ணி சொன்ன கதைக்கும் அந்தக் கேள்வி பொருந்தும், வீட்டில் தமிழ் கதைப்பதால் ஆங்கிலம் கெடும் என்று எதை வைச்சுச் சொன்னா?

அண்ணி கோபிக்கக்கூடாது, ஆனால் அந்த விஷயத்தில் எனக்குத் தளம்பல் இல்லை. தமிழை நிறுத்தவேண்டாம். மேலே சொன்ன அதே கமின்ஸ் இதையும் எழுதியிருக்கிறார். மொழிகள் மேலே பார்க்க இரண்டு பனிப்பாறைபோல வேறுவேறாகத் தெரிந்தாலும் தண்ணீருக்குக் கீழே அடித்தளம் ஒன்று. ஒரு மொழியில் ஊகிக்கவும் ஒப்பிடவும் ஆதாரம் காட்டவும் பழகிய மூளை மற்ற மொழியில் அதை முதலிலிருந்து படிக்கத் தேவையில்லை. நீங்கள் தமிழை நிறுத்தினால் அந்த வீட்டில் என்ன நடக்கும்? உங்களுக்கு நன்றாக வருகிற மொழியில் அவனோடு ஆழமாகக் கதைப்பதை விட்டுவிட்டு, உங்களுக்கு வராத மொழியில் “ஈட்”, “ஸ்லீப்”, “கோ” என்று கட்டளை மட்டும் போட்டுக்கொண்டிருப்பீர்கள். பதினைந்து வயதுப் பிள்ளையோடு தாய் கதைக்கிற கதை அவ்வளவுக்குச் சுருங்குவது நல்லதா? தமிழைப் பாடமாக எடுத்து அதற்கும் உயர்தரப் பாடசாலைக் கிரெடிட் வாங்கலாம், சனிக்கிழமை வகுப்புகளும் உண்டு. கடை நேரத்தோடு மோதாவிட்டால் அதையும் யோசியுங்கள்.

ஒரே ஓர் இடத்தில் தமிழ் குறுக்கே வரும், அதை மறைக்கக்கூடாது. நாங்கள் வினையெச்சத்தால் கோத்துக்கொண்டே போவோம். “வீட்டுக்கு வந்து, பையை வைத்து, சாப்பிட்டு, படுத்தேன்.” தமிழில் இது ஒரு வசனம், அழகான வசனம். கடைசியில் ஒரு முற்றுவினை போதும். பிள்ளை அதே ஓட்டத்தில் ஆங்கிலத்துக்குப் போகிறான்: “ஐ கேம் ஹோம், ஐ புட் மை பேக், ஐ ஏட், ஐ ஸ்லெப்ட்.” இடையில் கமா மட்டும். அங்கே அவை நாலு முழு வசனம், கமாவால் ஒட்டாது. ஒன்றில் முற்றுப்புள்ளி வேண்டும், அல்லது இணைக்கும் சொல் வேண்டும். மகனுடைய பந்தியிலும் இரண்டு இடத்தில் இது இருக்கிறது, சிவப்பில் குறித்திருக்கிறேன். இந்தத் தேர்வின் தெரிவு வினாக்களில் வசனங்களைச் சரியாக இணைப்பது, பந்திக்குப் பொருந்தாத வசனத்தைக் கண்டுபிடிப்பது, தொடக்க வசனத்தைத் தெரிவது போன்றவையும் வரும். எழுதிய ஒவ்வொரு பந்தியையும் உரத்து வாசிக்கச் சொல்லுங்கள். மூச்சு நிற்கிற இடத்தில் கமா மட்டும் இருந்தால் சந்தேகப்படட்டும். ஆங்கிலத்தின் “எ”, “த” என்கிற அந்தச் சின்னச் சொற்கள் எங்களுக்குக் கடைசிவரை தொல்லைதான். எனக்கே இன்றைக்கும் வழுக்கும். அதற்காக இரவு முழுவதும் இலக்கணம் படிக்கவேண்டாம்.

ரியூசன்? அந்த நிலையத்தை எனக்குத் தெரியாது, அதனால் அதைப் பற்றிச் சொல்லமாட்டேன். பொதுவாகச் சொல்கிறேன். பணம் கட்டமுதல் ஒன்று கேளுங்கள்: பிள்ளை எழுதியதை ஒருவர் இருந்து வாசித்து, இந்த இடத்தில் ஆதாரம் எங்கே என்று கேட்டு, திரும்ப எழுத வைப்பாரா? ஆம் என்றால் யோசிக்கலாம். பயிற்சித்தாள் கட்டுக்கட்டாகத் தந்து, விடைத்தாளைப் பார்த்துச் சரி பிழை போடுவதுதான் வேலை என்றால், அந்த 600 டொலரை வைத்திருங்கள். மாதிரித் தேர்வு ஈகியூஏஓவின் தளத்திலேயே இலவசமாக இருக்கிறது, உண்மைத் தேர்வு எப்படித் திரையில் தெரியுமோ அப்படியே. அதை ஒருமுறை நேரம் வைத்துச் செய்யட்டும், இரண்டாம் முறை நேரம் பார்க்காமல், பிழைத்த ஒவ்வொரு வினாவுக்கும் ஏன் பிழைத்தது என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு செய்யட்டும். மூன்றாம் முறை செய்தால் விடை பாடமாகிவிடும், பலனில்லை. பல பாடசாலைகளில் தேர்வுக்கு முன் மதிய இடைவேளையிலோ பின்னேரத்திலோ உதவி வகுப்பு வைப்பார்கள். ஆங்கில ஆசிரியரிடம் அவனே போய்க் கேட்கட்டும். பெடியன்கள் கேட்கமாட்டார்கள், வெட்கம். அப்படியானால் நீங்கள் மின்னஞ்சல் போடுங்கள், தமிழில் எழுதி யாரிடமாவது மொழிபெயர்ப்பித்தாவது போடுங்கள்.

கணினியைப் பற்றி ஒரு வார்த்தை. 2016 ஒக்டோபர் 20ஆம் தேதி இந்தத் தேர்வை முதன்முதலில் மாகாணம் முழுவதும் இணையத்தில் நடத்தப் பார்த்தார்கள். யாரோ வேண்டுமென்றே இணையத் தாக்குதல் நடத்தி முடக்கியதால் அன்றைய தேர்வே ரத்தானது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கணினிக்கு முன்னால் சும்மா இருந்துவிட்டு எழுந்து போனார்கள். பிறகு சில வருடம் பழையபடி தாளுக்கே திரும்பி, கொரோனாவுக்குப் பின் இப்போது முழுக்கத் திரையில்தான். உங்கள் மகனுக்குக் கைபேசியில் இரண்டு பெருவிரலால் தட்டுவது மின்னல் வேகம். விசைப்பலகையில் நீண்ட பந்தி அடித்துப் பழக்கமா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மனதில் இருக்கிற கருத்து விரலுக்கு வருமுன் நேரம் போய்விடும். திரையில் வாசிக்கும்போது முக்கியமான இடத்துக்கு நிறமிடும் வசதி இருக்கிறது. மாதிரித் தேர்விலேயே அதைப் பழகட்டும்.

எதை வாசிப்பது என்று கேட்பீர்கள். அவனுக்குப் பிடித்ததை. ஹொக்கி என்றால் ஹொக்கிச் செய்தி, கார் என்றால் கார். ஒன்று மட்டும் கவனியுங்கள், காணொளி இல்லாத, நீண்ட எழுத்தாக இருக்கவேண்டும். நாளுக்கு ஒரு பத்திரிகைக் கட்டுரை முழுவதும் வாசித்துவிட்டு, அதில் என்ன சொல்லியிருக்கிறது என்று இரவில் உங்களுக்குத் தமிழில் சொல்லவேண்டும். இங்கேதான் அம்மாவுக்கு ஆங்கிலம் வராதது பெரிய பலம். தெரிந்தவருக்குச் சொல்லும்போது பிள்ளை பாதியில் “உங்களுக்குத் தெரியும்தானே” என்று முடித்துவிடும். தெரியாதவருக்கு முழுக்கச் சொல்லியாகவேண்டும். எது முக்கியம், எது இல்லை என்று தானே பிரிக்கவேண்டும். ஒரு மொழியில் வாசித்து மற்ற மொழியில் சுருக்குவதைவிட நல்ல வாசிப்புப் பயிற்சி எனக்குத் தெரிந்து இல்லை. வகுப்பில் நான் செய்ய விரும்பி நேரமில்லாமல் விட்டது அது.

ரொறன்ரோ பொது நூலகத்தில் அட்டைக்குக் காசில்லை. தமிழ்ப் புத்தகங்களும் இருக்கின்றன, உங்களுக்கும் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அவன் வாசிக்கும் நேரத்தில் நீங்களும் கைபேசியை வைத்துவிட்டு வாசித்தால், நான் இவ்வளவு நேரம் எழுதியதைவிட அது அவனுக்கு அதிகம் சொல்லும்.

வசந்தகாலத் தேர்வுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அதற்குமுன் ஒரு வேலை: அதே தலைப்பில் மகனைத் திரும்ப ஒரு பந்தி எழுதச் சொல்லுங்கள். இந்த முறை ஆமா அல்லது இல்லை, ஒன்றுதான். மாமாவின் கடையில் நடந்த ஒரு சம்பவமாவது அதில் இருக்கவேண்டும். முதலில் தமிழில் எழுதினாலும் சரி, எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், வாசித்துத் திருப்பி அனுப்புகிறேன்.